கல்லாறு வரைக்கும்

பம்பருக்கும் பம்பருக்கும் பதினேழடி.
ஆஸ்பத்திரி ஏலத்தில் எடுத்தபோது
பேட்டரி இல்லை, ஸ்டெப்னி இல்லை,
பின்கதவு மட்டும் பழைய விசுவாசத்தில்
ஒரே இழுப்பில் திறந்தது.

செலின் டேப் பிடித்து அளக்கிறாள்.
ஸ்ட்ரெச்சர் ஓடிய தண்டவாளத்தின் மேல்
ரப்பர் மெத்தை.
ஆக்சிஜன் சிலிண்டர் நின்ற வளையத்தில்
ஐந்து கிலோ கேஸ் கச்சிதமாக உட்காருகிறது.
சலைன் கொக்கியில் என்ன மாட்டலாம்?
டார்ச் என்றேன்.
மலைவாழைச் சீப்பு என்றாள்.
சீப்பே ஜெயித்தது.

'இந்த சுவிட்ச் எதுக்கு?'
சைரனுக்கு. சைரனைக் கழற்றியாயிற்று.
'அப்ப சுவிட்ச்?'
இருக்கட்டும்.

போஜன் பிரேக் ஷூ மாற்றிக் கொடுத்தான்.
ரெண்டாவது கியரிலேயே இறங்குங்க,
அவசரமே வேண்டாம் என்றான்
என்னிடம்.

கல்லாற்றங்கரையில் பழைய முசாபரி பங்களா.
ரோடு போடும் முன்னே
மலையேற வந்தவர்கள்
பல்லக்குக்கும் மட்டக்குதிரைக்கும்
காத்துக்கிடந்த இடமாம்.
அதன் பாக்குத் தோப்பில் இப்போது
வண்டியை நிறுத்திப் படுத்துக்கொள்ளலாம்.
போனில் காவலாளி நஞ்சப்பன்:
ராத்திரிக்கு முந்நூறு,
அடுப்பு வண்டிக்குள்ளேதான்,
மேலே மழையென்றால் ஆற்றில் இறங்கக் கூடாது,
யானை வந்தால்
விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருக்கணும்.
'எத்தனை பேரு?'
பழக்கத்தில் வாய்வரை வந்துவிட்டது,
பேஷண்ட் ஒண்ணு, கூட ஒண்ணு.
ரெண்டு பேரு என்றேன்.

காலண்டர் தாளின் முதுகில்
செலின் நேரம் போடுகிறாள்.
குன்னூரிலிருந்து எவ்வளவு?
நாற்பத்திரண்டு நிமிஷம். மூடுபனி என்றால் ஐம்பது.
பதினாலு கொண்டை ஊசியும் என் தோள்களுக்குத் தெரியும்,
எந்த வளைவில் லாரி ஒதுங்கும்,
எதில் ஒதுங்க இடமே இல்லை என்று.
அவள் நாற்பத்திரண்டை அடித்துவிட்டு
நாலு மணி நேரம் என்று எழுதினாள்.
காட்டேரியில் காப்பி.
குரங்குகளுக்குப் பத்து நிமிஷம்.
பர்லியாறில் மங்குஸ்தான் விலை கேட்டு,
கோபித்துத் திரும்பி,
மறுபடி போய் வாங்க அரைமணி.

'ஆறு வலப்பக்கமா வருது, இடப்பக்கமா?'

இருபத்தாறு வருஷம்.
தெரியவில்லை.

பாலம் தெரியும்.
ஏறும் இடத்தில் தடக்கென்று ஒரு குலுக்கல்.
பின்னாலிருந்து ஹாலன் சொல்வான்: 'இருக்கு.'
நான் ஆக்ஸிலேட்டரை மிதிப்பேன்.
சில ராத்திரி
குலுக்கல் முடிந்தும் அவன் ஒன்றும் சொல்லமாட்டான்.
அப்போதும் மிதிப்பேன்.
அடியில் தண்ணீர் ஓடியிருக்கும்.

இதை அவளிடம் சொல்லவில்லை.
தீப்பெட்டி, கொசுவத்தி, மல்லித்தூள்,
சக்கரத்துக்கு ரெண்டு கட்டை என்று
சொல்லிக்கொண்டே போனேன்.
'பாலத்துக்கு முன்னாடியே நிறுத்திடுங்க,
நடந்து தாண்டலாம்' என்றாள்.
அதை மட்டும் எழுதவில்லை.
பேனா மூடியேதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒத்திகை.
ஓட்டுப்பட்டறைச் சரிவில், எங்கள் வாசலிலேயே,
சக்கரத்துக்குக் கல் வைத்துப் படுத்தோம்.
தலையை எந்தப் பக்கம் வைப்பது என்று தகராறு.
கதவுப் பக்கம் கால் நீட்டமாட்டேன் என்றாள்.
ஏனென்று நான் கேட்கவில்லை.
விடிய விடியச் சாரல்.
தலைக்கு மேல் பழம் ஆடிக்கொண்டிருந்தது.

ஈரம் பட்டால்
மேலே அடித்த பச்சைப் பெயிண்டுக்கு அடியிலிருந்து
முன்வண்டிக்காரன் கண்ணாடியில் பார்த்துப் படிக்கும்
அந்தத் தலைகீழ் எழுத்துகள்
கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி வரும்.

ஐந்தரைக்குப் பால் வாங்கப் போன தில்ஷாத் அக்கா
பதறிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாள்:
'யாருக்கு? யாருக்கு என்னாச்சு?'

செலின் போர்வையோடு தலையை நீட்டினாள்.
'யாருக்கும் ஒண்ணுமில்லக்கா.
ஆத்துக்குப் போறோம்.
அடுத்த வாரம்.'